வென்றதும் கிளம்பிவிடுகிறவர்: லாரி பிரவுன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த லாரி பிரவுன்?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் தேசியப் பட்டத்தையும், தொழில்முறைக் கூடைப்பந்தின் என்.பி.ஏ. பட்டத்தையும் பயிற்சியாளராக வென்ற ஒரே மனிதர். கல்லூரிப் பட்டம் 1988-ல் கான்சஸ் பல்கலைக்கழகத்தோடு, என்.பி.ஏ. பட்டம் 2004-ல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியோடு. இடையிலிருந்த 16 ஆண்டுகளில் அவர் ஐந்து அணிகளுக்குப் பயிற்சியாளராக இருந்துவிட்டார்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் ஆளே இருக்கிறார். ஒன்பது என்.பி.ஏ. அணிகள், மூன்று பல்கலைக்கழகங்கள், இன்று இல்லாமல் போன ஏ.பி.ஏ. லீகில் ஓர் அணி, இத்தாலியில் ஒன்று என்று அவர் பெட்டி கட்டாத ஊர் குறைவு. பத்திரிகைகள் ‘நெக்ஸ்ட் டவுன் பிரவுன்’ (அடுத்த ஊர் பிரவுன்) என்று பட்டப்பெயரே வைத்தன. எட்டு வெவ்வேறு என்.பி.ஏ. அணிகளைப் பிளேஆஃப் என்னும், பட்டத்துக்கான இறுதிக்கட்டச் சுற்றுக்கு அழைத்துச் சென்ற ஒரே பயிற்சியாளரும் அவர்தான்.

கல்லூரியிலும் தொழில்முறையிலும் வெல்வது அவ்வளவு கடினமா? விளையாட்டு ஒன்றுதானே?

பந்தும் வளையமும் ஒன்றுதான். வேலை வேறு.

கல்லூரியில் பயிற்சியாளர்தான் ராஜா. பதினெட்டு வயதுப் பையனின் வீட்டுக்கே போய், அம்மாவிடம் பேசி, அவனைத் தன் கல்லூரிக்கு அழைத்து வருவது அவர். ஆடவிடுவதும் உட்கார வைப்பதும் அவர். அதிகபட்சம் நான்கு ஆண்டுகளில் பையன் போய்விடுவான், பயிற்சியாளர் இருப்பார். மார்ச் மாதத்தில் நடக்கும் தேசியப் போட்டியில் ஒரு தோல்வி வந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பிரவுன் வென்ற ஆண்டில் 64 அணிகள் இருந்தன. ஆறு ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றாக வேண்டும்.

என்.பி.ஏ.-வில் ஆட்டக்காரரின் சம்பளம் பெரும்பாலும் பயிற்சியாளருடையதைவிடப் பெரியது. இருவருக்கும் ஒத்துவராவிட்டால் யாரை அனுப்புவது என்று முதலாளி யோசிப்பார். விடை பல நேரம் ‘பயிற்சியாளரை’ என்றே இருக்கும். லீக் சுற்றில் 82 ஆட்டங்கள், பிறகு ஏழு ஆட்டத் தொடர்கள். இங்கே அதிர்ஷ்டத்துக்கு இடம் குறைவு.

கல்லூரியில் கொடிகட்டிப் பறந்த பயிற்சியாளர்கள் ரிக் பிட்டினோ பாஸ்டன் செல்டிக்ஸிலும், ஜான் கலிபாரி நியூ ஜெர்சி நெட்ஸிலும் பட்ட பாடு தெரிந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

பிரவுனின் தொடக்கம் எப்படி?

1940-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். அறைகலன் விற்பனையாளரான தந்தை, லாரி சிறுவனாக இருக்கும்போதே இறந்துபோனார். பிறகு லாங் பீச் என்ற கடலோர ஊரில், தாய்வழித் தாத்தாவின் ரொட்டிக்கடைக்கு மேல் குடியிருந்து வளர்ந்தார். அண்ணன் ஹெர்பும் பயிற்சியாளர்தான். தம்பி டெட்ராய்ட் பிஸ்டன்ஸுக்குப் பட்டம் வாங்கித் தருவதற்குக் கால் நூற்றாண்டுக்கும் முன்பே, 1970-களில், அண்ணன் அதே அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்திருக்கிறார்.

உயரம் 5 அடி 9 அங்குலம். அந்த உயரத்தில் ஆட்டத்தைக் கண்ணால் ஆடக் கற்றுக்கொள்ளாவிட்டால் வேலைக்கு ஆகாது. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் மெக்வையரிடமும், 1961 முதல் அவருடைய இடத்துக்கு வந்த இளம் பயிற்சியாளர் டீன் ஸ்மித்திடமும் ஆடினார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் இருந்தார். பிறகு இரண்டு ஆண்டுகள் ஸ்மித்தின் உதவியாளர்.

டீன் ஸ்மித்தின் பெயரை ஏன் எல்லோரும் இழுக்கிறார்கள்?

இது ஒரு குருபரம்பரை. கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், கான்சஸ் பல்கலைக்கழக அணியின் முதல் பயிற்சியாளர். அவரிடம் ஆடியவர் ஃபாக் ஆலன். ஆலனிடம் கான்சஸில் ஆடியவர் டீன் ஸ்மித். ஸ்மித்திடம் ஆடியவர் பிரவுன். ஆக, பிரவுன் 1983-ல் கான்சஸுக்கு வந்தபோது தாத்தாவின் தாத்தா வீட்டுக்கே வந்து சேர்ந்தார் என்று சொல்லலாம். (நெய்ஸ்மித்தின் அணி வென்றது 55, தோற்றது 60. கான்சஸின் வரலாற்றிலேயே தோல்விக் கணக்கு அதிகம் உள்ள ஒரே பயிற்சியாளர் விளையாட்டைக் கண்டுபிடித்தவர்தான். எனக்கு மிகவும் பிடித்த புள்ளிவிவரம் இது.)

ஸ்மித்தின் பள்ளியில் ஒரு பழக்கம் உண்டு. கூடை போட்டவன் தன் மார்பைத் தட்டிக்கொள்ளக் கூடாது. பந்தைக் கொடுத்தவனை விரலால் சுட்டிக்காட்ட வேண்டும். பிரவுன் வாழ்நாள் முழுக்க வாய் ஓயாமல் சொன்ன ‘சரியான முறையில் ஆடுவது’ என்பதன் விதை அந்த விரலில் இருக்கிறது.

ஏ.பி.ஏ. என்றால் என்ன? அதில் அவர் ஆடினாரா, பயிற்சி கொடுத்தாரா?

இரண்டும். 1967-ல் என்.பி.ஏ.-வுக்குப் போட்டியாகத் தொடங்கிய லீக் அது. சிவப்பு, வெள்ளை, நீலம் கலந்த பந்து. மூன்று புள்ளிக் கோடு. எந்த நேரமும் மூடப்படலாம் என்ற நிலையில் அணிகள். பிரவுன் அங்கே பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவர். கூடை விழப் பந்து கொடுத்து உதவும் அசிஸ்ட் சராசரியில் மூன்று சீசன்கள் லீகின் முதலிடம், 1969-ல் ஓக்லண்ட் ஓக்ஸோடு பட்டம்.

அதே 1969-ல் டேவிட்சன் கல்லூரி அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்தியது. ஓர் ஆட்டம்கூட நடக்கும் முன்பே விலகிவிட்டார். அப்போது யாருக்கும் அது பெரிய செய்தியாகத் தோன்றியிருக்காது.

1972-ல் கரோலினா கூகர்ஸ் அணியின் பயிற்சியாளரானார். முதல் சீசனிலேயே 57 வெற்றி, 27 தோல்வி. 1974-ல் டென்வர். அங்கே முதல் ஆண்டில் 65 வெற்றி, அடுத்த ஆண்டில் 60. தொளதொள மேலங்கிக் கால்சட்டையும் அந்தக் காலத்து முடியுமாகக் களத்தோரம் நின்ற அந்த இளைஞரையும், பின்னாளில் கோட்டு சூட்டில் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்ற பெரியவரையும் படத்தில் பக்கத்தில் வைத்தால் உறவினர்கள் என்றுகூடச் சொல்ல மாட்டீர்கள். 1976-ல் ஏ.பி.ஏ.-வின் கடைசி இறுதித் தொடரில் ஜூலியஸ் எர்விங்கின் நியூயார்க் நெட்ஸிடம் டென்வர் தோற்றது. அதே ஆண்டு லீக் கலைந்து, டென்வர் உட்பட நான்கு அணிகள் என்.பி.ஏ.-வில் சேர்ந்தன. 1979-ல் சீசன் நடுவிலேயே பிரவுன் விலகினார்.

அடுத்து?

யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம். முதல் ஆண்டிலேயே தேசிய இறுதியாட்டம், லூயிவில்லிடம் 54–59 தோல்வி. இரண்டு ஆண்டுகளில் கிளம்பிவிட்டார். ஆடத் தகுதியில்லாத வீரர்கள் இருந்தார்கள் என்று சொல்லி, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு அந்த இறுதிச் சுற்று இடத்தைப் பின்னர் பதிவேட்டிலிருந்தே நீக்கியது.

பிறகு நியூ ஜெர்சி நெட்ஸ். 24 வெற்றிகளோடு கிடந்த அணியை ஒரே ஆண்டில் 44 வெற்றிக்குக் கொண்டுவந்தார். அடுத்த சீசனில் 47 வெற்றி, 29 தோல்வி என்று அணி ஓடிக்கொண்டிருந்தது. பிளேஆஃப் காத்திருக்கிறது, லீக் சுற்றில் பாக்கி ஆறே ஆட்டங்கள். அந்த நேரத்தில் கான்சஸ் வேலையை ஏற்றுக்கொண்டு வெளியேறினார். பயிற்சியாளர் இல்லாமல் பிளேஆஃபுக்குப் போகப்போகும் வீரர்களின் இடத்தில் நின்று பார்த்தால், இதற்கு எந்தச் சமாதானமும் எடுபடாது.

டேனி மேனிங்கைக் கான்சஸுக்குக் கொண்டுவந்ததில் தந்திரம் இருந்ததா?

தந்திரமா நட்பா என்பது கேட்பவரைப் பொறுத்தது. டேனி மேனிங் வட கரோலினா மாநிலத்துப் பையன். நாடே கண் வைத்திருந்த ஆட்டக்காரன். வட கரோலினா பல்கலைக்கழகத்துக்குத்தான் போவான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவனுடைய தந்தை எட் மேனிங் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர், கூகர்ஸ் அணியில் பிரவுனிடமே ஆடியவர், அப்போது சரக்கு வண்டி ஓட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தார். 1983-ல் பிரவுன் அவரை உதவிப் பயிற்சியாளராக நியமித்தார். குடும்பம் கான்சஸுக்குக் குடிபெயர்ந்தது. பையன் பள்ளிக் கடைசி ஆண்டை அங்கே முடித்து, அப்படியே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான்.

ஊர் சிரித்தது. ஆனால் கான்சஸை விட்டுப் போனபோதும் பிரவுன் எட் மேனிங்கைத் தன்னோடு சான் அன்டோனியோவுக்கு அழைத்துச் சென்றார். அப்போது மகன் வேறு அணியில் இருந்தான். எனவே வெறும் தூண்டிலாக மட்டும் அவரைப் பார்த்திருக்க மாட்டார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

1988-ன் ‘அதிசயம்’ என்கிறார்களே, என்ன நடந்தது?

பிப்ரவரி வரை அது அதிசயமாகத் தோன்றவில்லை, அவமானமாகத்தான் தோன்றியது. ஆர்ச்சி மார்ஷல் முழங்கால் காயத்தில் சீசனை இழந்தார். கூடைக்கு அருகே ஆடும் உயரமான வீரர் மார்வின் பிராஞ்ச் படிப்பில் தேறாமல் ஆடும் தகுதியை இழந்தார். ஆள் போதாமல் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியிலிருந்து கிளின்ட் நார்மோரைக் கடன் வாங்கினார்கள். ஒரு கட்டத்தில் கணக்கு 12 வெற்றி, 8 தோல்வி.

பிரவுன் அப்போது செய்தது புதிய வித்தை எதுவும் இல்லை. தினசரிப் பயிற்சியில் தடுப்பாட்டம், மீண்டும் தடுப்பாட்டம். எல்லாப் பந்தும் மேனிங்கின் கை வழியாகப் போய்வர வேண்டும். மேனிங்குக்குக் கூச்சம், தோழர்களுக்குக் கொடுப்பதே பிடிக்கும். ‘நீ எடுத்து ஆடாததுதான் சுயநலம்’ என்ற ரீதியில் அவரை ஆண்டுக்கணக்கில் நச்சரித்துக்கொண்டே இருந்தவர் பிரவுன்.

தேசியப் போட்டியில் தங்கள் பிராந்தியத்தில் ஆறாம் நிலையில்தான் நுழைந்தார்கள். அரையிறுதியில் டியூக் பல்கலைக்கழகத்தை 66–59 என்று வென்றார்கள். இறுதியாட்டம் ஏப்ரல் 4, கான்சஸ் சிட்டியில். எதிரே ஓக்லஹோமா: அந்த சீசனில் கான்சஸை இரண்டு முறை தோற்கடித்திருந்த அணி, எதிராளியை ஓடவிட்டு மூச்சு வாங்க வைத்துக் கொல்லும் அணி.

எல்லோரும் கான்சஸ் நிதானமாக ஆடும் என்று எதிர்பார்த்தார்கள். முதல் பாதியில் அவர்கள் ஓக்லஹோமாவோடு சேர்ந்தே ஓடினார்கள். இடைவேளையில் 50–50. இரண்டாம் பாதியில்தான் பிரவுன் கடிவாளத்தை இழுத்தார். கூடையை நோக்கி எறிவதற்குள்ள 45 வினாடிக் கடிகாரத்தை முடிந்தவரை தின்று ஆடினார்கள். அந்தப் பாதியில் ஓக்லஹோமாவால் 29 புள்ளிகள்தான் எடுக்க முடிந்தது. கடைசி 14 வினாடிகளில் மேனிங், எதிரணியின் தவறுக்காகக் கிடைத்த நான்கு ஃப்ரீ த்ரோக்களையும் தவறவிடாமல் போட்டார். 83–79. மேனிங்கின் கணக்கில் 31 புள்ளிகள், 18 ரீபவுண்டுகள் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது).

27 வெற்றி, 11 தோல்வி. இத்தனை தோல்விகளோடு வேறெந்த அணியும் தேசியப் பட்டம் வென்றதில்லை.

பட்டம் வென்ற பிறகாவது தங்கினாரா?

இல்லை. யு.சி.எல்.ஏ. திரும்பவும் கூப்பிட்டது. போவார் என்று பேச்சு அடிபட்டது. ‘இங்கேயே இருக்கிறேன்’ என்று அறிவித்தார். கொஞ்ச வாரங்களில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸுக்குப் போய்விட்டார்.

அந்த ஆண்டு நவம்பரில் என்.சி.ஏ.ஏ. கான்சஸைத் தண்டித்தது. வேறு கல்லூரியிலிருந்து மாறிவர எண்ணியிருந்த ஒரு மாணவருக்கு விமான டிக்கெட் உள்ளிட்ட சலுகைகள் கொடுக்கப்பட்டன என்பது குற்றச்சாட்டு. மூன்று ஆண்டு கண்காணிப்பு, அடுத்த தேசியப் போட்டியில் ஆடத் தடை. நடப்புச் சாம்பியன் தன் பட்டத்தைக் காக்கக் களமிறங்கவே அனுமதிக்கப்படாதது அதுதான் முதல் முறை. தண்டனையை அனுபவித்தவர் புதிதாக வந்த பயிற்சியாளர் ராய் வில்லியம்ஸ், அவரும் டீன் ஸ்மித்தின் உதவியாளராக இருந்தவர். அவர் அங்கே 15 ஆண்டுகள் இருந்தார்.

ஸ்பர்ஸ், கிளிப்பர்ஸ், பேசர்ஸ் காலத்தைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஸ்பர்ஸில் முதல் சீசன் 21 வெற்றி, 61 தோல்வி. அடுத்த சீசனில் கடற்படைப் பணியை முடித்துவிட்டு டேவிட் ராபின்சன் வந்தார்: 56 வெற்றி. ஒரே ஆண்டில் 35 வெற்றி கூடியது அன்றைக்குச் சாதனை. 1992 ஜனவரியில் அங்கே வேலை போனது. சில நாட்களிலேயே லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் அவரைப் பிடித்துக்கொண்டது. ஒரே சீசனில் இரண்டு அணிகள்! கேலிப்பொருளாக இருந்த கிளிப்பர்ஸ் 1976-க்குப் பிறகு முதல் முறையாகப் பிளேஆஃப் கண்டது. அங்கே அவருக்குக் கிடைத்த நட்சத்திர வீரர் யார் தெரியுமா? அதே டேனி மேனிங்.

1993-ல் இந்தியானா பேசர்ஸ். என்.பி.ஏ.-வில் அதுவரை ஒரு பிளேஆஃப் தொடரைக்கூட வென்றிராத அணி, ரெஜி மில்லரை வைத்துக்கொண்டு 1994-லும் 1995-லும் கிழக்குப் பிரிவு இறுதி வரை போனது. இரண்டு முறையும் ஏழாவது ஆட்டத்தில் தோல்வி.

ஆலன் ஐவர்சனோடு அவருக்கு உண்மையில் பகையா?

1997-ல் பிலடெல்பியா 76ers அணிக்கு வந்தபோது அங்கே 22 வயது ஐவர்சன் இருந்தார். குள்ளமான, அச்சமே இல்லாத, பந்தை விட மனமில்லாத ஆட்டக்காரர். பிரவுனோ பயிற்சி மைதானத்தில் உயிர் வாழ்கிறவர். பாஸ் ஓர் அடி தள்ளிப் போனால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார். ஒருவருக்குப் பயிற்சி என்றாலே கசப்பு, மற்றவருக்கு அதுதான் சாப்பாடு. பேச்சு நின்றுபோன நாட்களும், ‘அவரை விற்றுவிடுங்கள்’ என்ற நாட்களும் இருந்தன.

ஆனால் பிரவுன் செய்த ஒரு காரியம் கவனிக்கத்தக்கது. ஐவர்சனைப் பாயிண்ட் கார்டு பொறுப்பிலிருந்து விடுவித்து, எரிக் ஸ்னோவிடம் அதைக் கொடுத்தார். மற்ற நால்வரும் தடுப்பாட்டக்காரர்கள், ரீபவுண்ட் பிடிப்பவர்கள், புகழ் கேட்காத உழைப்பாளிகள். அடித்து ஆடும் வேலை ஐவர்சனுக்கு மட்டும். ‘எல்லோரும் பகிர்ந்து ஆட வேண்டும்’ என்று மேடை போட்டுச் சொல்பவர், ஒருவனுக்காக அணியையே வளைத்தார். பிடிவாதக்காரர் என்று அவரைச் சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

2000–01 சீசனில் 56 வெற்றி. லீகின் மதிப்புமிக்க வீரர் ஐவர்சன், சிறந்த பயிற்சியாளர் பிரவுன், சிறந்த தடுப்பாட்டக்காரர் டிகெம்பே முடோம்போ, சிறந்த மாற்று வீரர் ஆரன் மக்கீ: நான்கு விருதும் ஒரே அணிக்கு. அதுவரை அந்தப் பிளேஆஃபில் ஓர் ஆட்டமும் தோற்காத லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸை இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில், அவர்கள் ஊரிலேயே, கூடுதல் நேரத்தில் 107–101 என்று வென்றார்கள். ஐவர்சன் 48 புள்ளிகள். பிறகு நான்கு ஆட்டங்கள் வரிசையாகத் தோல்வி.

2002 மே மாதத்தில் ‘பயிற்சியைப் பற்றியா பேசுகிறோம்?’ என்று ஐவர்சன் திரும்பத் திரும்பக் கேட்ட செய்தியாளர் சந்திப்பு இன்றும் இணையத்தில் சுற்றுகிறது. அதைச் சிரித்துப் பகிர்பவர்களில் பலர், 2016-ல், கூடைப்பந்து ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் மேடையில் அவர் பிரவுனுக்கு நன்றி சொன்னதைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆறு ஆண்டுகள். பிரவுன் அதிக காலம் தங்கிய ஊர் பிலடெல்பியாதான். அதிகம் சண்டை போட்டதும் அங்கேதான்.

2004-ல் லேக்கர்ஸை எப்படி வீழ்த்தினார்?

ஷகீல் ஓ’நீல், கோபி பிரையண்ட், கார்ல் மலோன், கேரி பேட்டன். பயிற்சியாளர் நாற்காலியில் அப்போதே ஒன்பது பட்டங்களோடு ஃபில் ஜாக்சன். டெட்ராய்ட் ஓர் ஆட்டமாவது வென்றால் பெரிது என்றுதான் பேச்சு.

டெட்ராய்ட்டின் ஐவரைப் பாருங்கள். சான்சி பில்லப்ஸ் அணி அணியாகத் தள்ளப்பட்டு வந்தவர். புதிய வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் பென் வாலஸை யாருமே தேர்ந்தெடுக்கவில்லை. ரிச்சர்ட் ஹாமில்டனை வாஷிங்டன் வேண்டாம் என்று கொடுத்துவிட்டது. தேஷான் பிரின்ஸ் ஒல்லிக்குச்சி. ரஷீத் வாலஸ், கோபக்காரர் என்ற பெயரோடு பிப்ரவரி மாதம்தான் வந்து சேர்ந்தார். அவர் வந்த பிறகு தடுப்பாட்டம் பூட்டுப் போட்டதுபோல் ஆனது; தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் எதிரணியை 70 புள்ளிக்குக் கீழே நிறுத்தினார்கள்.

இறுதித் தொடருக்கான கணக்கு எளிமையானது, அதை நம்பத்தான் துணிச்சல் வேண்டும். ஓ’நீலைச் சுற்றி வழக்கமாக இரண்டு மூன்று பேர் மொய்ப்பார்கள். அப்போது வெளியே நிற்பவர்களுக்குத் திறந்த வாய்ப்பு கிடைக்கும். பிரவுன் பெரும்பாலும் ஒருவரை மட்டும் அவரிடம் விட்டார். அவர் அடிக்கட்டும், மற்ற யாரும் அடிக்கக் கூடாது. பிரையண்டுக்கு எதிரே நீளக் கைகளோடு பிரின்ஸ். தொடர் முழுக்க ஓ’நீல் சராசரியாக 26.6 புள்ளிகள் எடுத்தார். பிரையண்ட் எறிந்ததில் 38 சதவீதம்தான் உள்ளே போனது.

முதல் ஆட்டம் 87–75 டெட்ராய்ட்டுக்கு. இரண்டாவது கையில் இருந்தது; கடைசி வினாடிகளில் பிரையண்டின் மூன்று புள்ளி எறிதல் ஆட்டத்தைச் சமனாக்க, கூடுதல் நேரத்தில் லேக்கர்ஸ் வென்றது. சோர்ந்துபோவார்கள் என்று பார்த்தால், மூன்றாவது ஆட்டத்தில் லேக்கர்ஸை 68 புள்ளியில் அடக்கினார்கள். பிரையண்ட் 11. அதன்பின் 88–80, 100–87. சொந்த ஊரில் நடந்த மூன்றும் டெட்ராய்ட்டுக்கே. பிரவுனுக்கு அப்போது 63 வயது; அதுவரை என்.பி.ஏ. பட்டம் வென்றவர்களில் அவர்தான் மூத்தவர்.

அடுத்த ஆண்டும் இறுதித் தொடர், ஸ்பர்ஸிடம் ஏழாவது ஆட்டத்தில் தோல்வி. பிறகு? வேறென்ன, டெட்ராய்ட்டிலிருந்து கிளம்பினார்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தோல்விக்கு அவர்தான் காரணமா?

பங்கு உண்டு. பட்டம் வென்ற சில வாரங்களில் தேசிய அணியோடு ஏதென்ஸ் போனார். முதல் ஆட்டத்திலேயே புவேர்ட்டோ ரிக்கோவிடம் 73–92. பிறகு லிதுவேனியாவிடம் தோல்வி, அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் தோல்வி, கையில் வெண்கலம். என்.பி.ஏ. வீரர்கள் ஒலிம்பிக் போகத் தொடங்கிய 1992-க்குப் பிறகு தங்கம் தவறியது அதுதான் முதல் முறை. முன்னணி வீரர்கள் பலர் வர மறுத்தார்கள், தூரத்திலிருந்து எறிய ஆளில்லை, சேர்ந்து பயிற்சி எடுக்க நேரமில்லை. இதெல்லாம் உண்மை. லெப்ரான் ஜேம்ஸ், கார்மெலோ ஆண்டனி போன்ற இளைஞர்களைப் பெஞ்சிலேயே வைத்திருந்ததும் உண்மை. இளம் வீரர்களை நம்ப அவருக்கு மனம் வராது. டெட்ராய்ட்டில் டிராஃப்டில் இரண்டாவதாக எடுக்கப்பட்ட 18 வயது டார்க்கோ மிலிசிச்சும் பெஞ்சில்தான் தேய்ந்தார்.

நியூயார்க் நிக்ஸில் என்ன கோளாறு?

எல்லாமே. சொந்த மாநிலம், ஐந்து ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஒப்பந்தம் என்று 2005-ல் அமர்க்களமாகத் தொடங்கியது. 23 வெற்றி, 59 தோல்வி என்று முடிந்தது. தொடக்க ஐவரை ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றிக்கொண்டே இருந்தார். பாயிண்ட் கார்டு ஸ்டெஃபான் மார்பரியோடு பத்திரிகைகள் வழியாகவே சண்டை. ஒரே ஆண்டில் நீக்கினார்கள். பாக்கிப் பணத்துக்காக நடந்த வழக்காடலில் 1.85 கோடி டாலர் வாங்கிக்கொண்டு வெளியேறினார். பிளேஆஃப் காணாத அவருடைய ஒரே என்.பி.ஏ. அணி இது.

அதன் பிறகு?

ஷார்லட் பாப்கேட்ஸ். 2010-ல் அந்த அணிக்கு வரலாற்றின் முதல் பிளேஆஃப். பிறகு 71 வயதில், 2012-ல், டல்லஸில் உள்ள சதர்ன் மெத்தடிஸ்ட் பல்கலைக்கழகம். 1993-க்குப் பிறகு தேசியப் போட்டியையே பார்க்காத அந்தக் கல்லூரி 2015-ல் உள்ளே நுழைந்தது.

அதே ஆண்டு மறுபடியும் என்.சி.ஏ.ஏ. ஒரு மாணவரின் இணையவழிப் பாடவேலையை அலுவலகத்தில் இருந்த ஒருவர் செய்து கொடுத்தது தெரியவந்தது. விசாரணையில் பிரவுன் முதலில் உண்மையைச் சொல்லவில்லை. ஒன்பது ஆட்டங்கள் அவருக்குத் தடை, அணிக்கு அந்த சீசனின் இறுதிப் போட்டிகளில் இடமில்லை. ஆட எதுவுமே மிச்சமில்லாத அந்த மாணவர்கள் தொடர்ந்து 18 ஆட்டங்களை வென்றார்கள். அந்த சீசனை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. 2016-ல் பிரவுன் விலகினார். 2018-ல் இத்தாலியின் டூரின் அணி, சில மாதங்கள். 2021-ல் மெம்பிஸ் பல்கலைக்கழகத்தில் பென்னி ஹார்டவேயின் உதவியாளர். உடல்நலம் இடம் கொடுக்காமல் அடுத்த ஆண்டு ஒதுங்கினார்.

மூன்று கல்லூரிகள், மூன்றிலும் தண்டனை. அவரைக் கொண்டாடலாமா?

விதிமீறல்களைத் தற்செயல் என்று தள்ள முடியாது. ஒன்று என்றால் விபத்து எனலாம். மூன்று என்றால் கவனக்குறைவே வழக்கமாகிவிட்டது என்று பொருள். பயிற்சி மைதானத்தில் ஓர் அடி தள்ளி விழுந்த பாஸைக் கண்டுபிடித்த கண், அலுவலக அறைக்குள் நடந்ததைப் பார்க்க மறுத்தது. ஒவ்வொரு முறையும் விலை கொடுத்தவர்கள் பின்னால் வந்தவர்கள் அல்லது மாணவர்கள்.

ஆனால் 1,098 என்.பி.ஏ. வெற்றிகளும் பொய்யில்லை, 2002-லேயே அவருக்கு ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்துவிட்டது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டியிருக்கிறது.

ஏன் அவர் எங்கேயும் நிலைக்கவில்லை?

பணத்தாசை என்பார்கள். எனக்கு அது போதுமான விளக்கமாகத் தோன்றவில்லை. அவருடைய வேலைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்: 24 வெற்றி அணி, 21 வெற்றி அணி, கேலிக்கு ஆளான அணி, தொடர் வெல்லாத அணி. உடைந்ததைத் தேடித்தேடிப் போயிருக்கிறார். பாடம் நடத்தும் காலம் முடிந்து, ஆட்டக்காரர்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நிலை வந்ததும் அவருக்குப் பொழுது போகவில்லை. தினமும் ஒரே குரலில் குறை கேட்ட ஆட்டக்காரர்களுக்கும் மூன்றாவது ஆண்டில் காது மரத்துவிடும். இரு பக்கமும் அலுப்பு ஒரே நேரத்தில் வந்துவிடுகிறது.

அவரிடமிருந்து யார் யார் வந்தார்கள்?

கிரெக் பாபோவிச் ஒரு சின்னக் கல்லூரியில் பயிற்சியாளராக இருந்துகொண்டு, 1986–87-ல் விடுப்பு எடுத்துக்கொண்டு கான்சஸில் பிரவுனின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றார். பிறகு ஸ்பர்ஸில் உதவியாளர். பின்னாளில் ஸ்பர்ஸுக்கு ஐந்து பட்டங்கள். அதில் ஒன்று, 2005-ல், பிரவுனிடமிருந்தே பறித்தது.

பில் செல்ஃபின் கதை இன்னும் சுவையானது. ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழக ஆட்டக்காரர். கான்சஸின் கோடைப் பயிற்சி முகாமில் வேலை செய்யும்போது முழங்காலில் அடிபட்டது. ‘உனக்கு ஏதாவது உதவி வேண்டுமா?’ என்று பிரவுன் கேட்க, ‘வேலை கொடுங்கள்’ என்றார். கொடுத்தார். ஜான் கலிபாரியும் கான்சஸில் அவருடைய உதவியாளராக இருந்தவர். 2008 தேசிய இறுதியாட்டத்தில் ஒரு பக்கம் செல்ஃபின் கான்சஸ், மறு பக்கம் கலிபாரியின் மெம்பிஸ். கூடுதல் நேரத்தில் கான்சஸ் வென்றது. பிரவுன் தந்த 1988 பட்டத்துக்குப் பிறகு அந்தக் கல்லூரிக்குக் கிடைத்த முதல் பட்டம் அது.

ஒரே ஓர் ஆட்டம் பார்க்க நேரமிருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

2004 இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டம். பந்தைப் பார்க்காதீர்கள், பந்து இல்லாத டெட்ராய்ட் வீரர்கள் நால்வரின் கால்களைப் பாருங்கள். பந்து இடம் மாறும் ஒவ்வொரு முறையும் நால்வரும் சேர்ந்து ஓர் எட்டு நகர்வார்கள். அழகான ஆட்டம் என்று சொல்ல மாட்டேன், சிலருக்குத் தூக்கம்கூட வரலாம். அப்படி வந்தால் 1988 இறுதியாட்டத்தின் முதல் பாதிக்கு மாறிக்கொள்ளுங்கள். இதுவும் அதே ஆளுடைய அணியா என்று கேட்பீர்கள்.